பூனையைத் துரத்தும் நாய்: போகப் போகப் பழகிவிடுமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் மேல்மாடியில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட். நான்கு வருடமாக வீட்டில் வளரும் ஆண் பூனை. இரண்டு மாதத்துக்கு முன்னால் சாத்தூர்ப் பக்கத்து உறவினர் வீட்டிலிருந்து வந்த ஒன்றரை வயது சிப்பிப்பாறைக் கலப்பு நாய். வந்த நாளிலிருந்து பூனை தரையில் கால் வைத்தால் துரத்தல்தான். பூனை இப்போது சமையலறைப் பரணிலேயே குடியிருக்கிறது, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு இறங்கிச் சாப்பிடுகிறது, போன வாரம் உங்கள் மெத்தையில் சிறுநீர் கழித்துவிட்டது. வீட்டுப் பெரியவர்கள் "போகப் போகப் பழகிடும், விடு" என்கிறார்கள். பழகுமா, எத்தனை நாளாகும் என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இரண்டையும் விட்டுவிட்டு வேலைக்குப் போகப் பயமாக இருக்கிறது." உங்கள் உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். இந்த நாய் என் பூனையைக் கொன்றுவிடுமா, இரண்டில் ஒன்றை நான் யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமா?

நான் கால்நடை மருத்துவர். வேப்பேரி கல்லூரியில் படித்தேன். இருபது வருடத்துக்கு மேலாகத் தென்சென்னையில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். உங்கள் நாயை நான் பார்த்ததில்லை. அதனால் அது பூனையைக் கொல்லுமா கொல்லாதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. பார்க்காமலே உறுதியாகச் சொல்கிறவர்களை நம்பவும் வேண்டாம். எது நிச்சயம், எது என் அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது என்று பிரித்தே எழுதுகிறேன்.

நிச்சயமானது முதலில். தானாகப் பழகாது. பெரியவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் பார்த்தது வேறு மாதிரி வீடு. ஊரில் நாய் குட்டியாக இருக்கும்போதே பூனையையும் கோழியையும் பார்த்து வளர்ந்திருக்கும். பூனைக்கு ஏறி உட்கார ஓட்டுக்கூரை, வைக்கோல் போர், வேலி எல்லாம் இருந்திருக்கும். நாய்க்குட்டிக்குப் பிறந்த 3-வது வாரத்திலிருந்து ஏறக்குறைய 14-வது வாரம் வரைக்கும்தான் 'இதெல்லாம் நம்ம வீட்டு ஆள்' என்று மனதில் சுலபமாகப் பதிகிற பருவம். பூனைக்குட்டிக்கு அது இன்னும் சீக்கிரம் முடிந்துவிடும், சுமார் 2-வது வாரத்திலிருந்து 7-வது வாரம் வரை. உங்கள் வீட்டு இரண்டும் அந்த வயதையெல்லாம் தாண்டிய பிறகு ஒன்றையொன்று பார்த்திருக்கின்றன. இனிமேல் பழக்கலாம். ஆனால் நாம்தான் பழக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. நாய்க்குத் துரத்துவதே பரிசு. பிடித்தால்தான் சந்தோஷம் என்றில்லை. மற்ற கெட்ட பழக்கங்களைப் பலன் கிடைக்காமல் செய்து மறக்கடிக்கலாம். டைனிங் டேபிளைப் பார்த்து ஏங்கும் நாய்க்கு யாரும் ஒரு துண்டுகூடப் போடவில்லை என்றால் சில வாரத்தில் விட்டுவிடும். துரத்தலை அப்படி மறக்கடிக்க முடியாது, ஏனென்றால் பலன் அந்த ஓட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பூனை தப்பித்துப் பரணில் ஏறிவிட்டாலும் நாய்க்கு அந்த நாலு நொடி கிடைத்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு முறை என்று வைத்தால்கூட, இந்த இரண்டு மாதத்தில் 200 முறைக்கு மேல் பயிற்சி ஆகியிருக்கிறது. 'போகப் போக' என்று விட்டால் போகப் போகக் கூடுகிறது துரத்தல் மட்டும்தான். அதனால் சொல்லிக்கொடுப்பதெல்லாம் அப்புறம். துரத்த வாய்ப்பே இல்லாமல் செய்வது முதல் வேலை, அதுவும் இன்றைக்கே.

அதற்கு முன், துரத்தலில் இரண்டு ஜாதி உண்டு. உங்கள் நாய் எது என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குத் துரத்துகிற நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் குனியும், குரைக்கும், உடம்பு தளர்ந்து ஆடும், பூனை நின்றால் தானும் நிற்கும், என்ன செய்வது என்று தெரியாமல் உங்களைத் திரும்பிப் பார்க்கும். வேட்டைக்குத் துரத்துகிற நாயிடம் சத்தமே இருக்காது. வாய் மூடியிருக்கும், காது முன்னால் வந்திருக்கும், உடம்பு கழி மாதிரி விறைத்திருக்கும், கண் பூனையை விட்டு நகராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது மடல்கூடத் திரும்பாது. ஒருமுறை ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது ஹாலில் ஒரு நாய் இப்படி நிற்பதைப் பார்த்தேன். வலது முன்னங்கால் தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கியபடியே நின்றது. அதன் மூக்குக்கு முன்னால் பிஸ்கட்டை நீட்டினேன். மூக்கில் படுகிற தூரத்தில் இருந்த பிஸ்கட்டை அது முகரவில்லை. மூன்றடி தள்ளி, திரைச்சீலைக்குக் கீழே பூனையின் வால் நுனி மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே "சமத்தா நிக்கிறான் பாருங்க டாக்டர்" என்றார். அவரை மெதுவாக எழுந்து கதவைச் சாத்தச் சொன்னேன்.

முதல் வகை என்றால் பெரும்பாலும் நல்லபடியாக முடியும். இரண்டாம் வகை என்றால் ஆபத்து நிஜம். அதற்காக அந்த நாய் கெட்டது என்று அர்த்தமில்லை. சிப்பிப்பாறை, கன்னி இரண்டுமே தென்மாவட்டங்களின் கரிசல் காடுகளில் முயல் பிடிக்கவென்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனங்கள். மோப்பத்தைவிடக் கண்ணால் வேட்டையாடுகிறவை. சின்ன உருவம் ஒன்று தரையோடு தரையாகப் பாய்ந்தால் பின்னால் ஓடு என்பது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. உங்கள் நாய்க்குப் பூனை மேல் கோபமோ பொறாமையோ இல்லை. வீட்டில் "பொறாமைப்படுது" என்று சொல்வார்கள், அதைக் கேட்டு நாயைத் திட்டாதீர்கள். சிப்பிப்பாறை என்றாலே பூனையோடு வாழாது என்றும் இல்லை. ஒரே பாயில் தூங்கும் ஜோடிகள் என்னிடம் ஊசி போட வருகின்றன. ஆனால் நான் பார்த்தவரை அவற்றில் பெரும்பாலானவை நாய் குட்டியிலேயே வந்த வீடுகள். ஒன்றரை வயதில் வந்த நாய்க்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாய் பூனையைக் கவ்வினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் வெளிக்காயத்தைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். பூனையின் முதுகில் ரோமத்துக்குள் மிளகு அளவில் இரண்டு ஓட்டை இருக்கும், மஞ்சள் பூசிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடுவார்கள். நாங்கள் ரோமத்தை மழித்துப் பார்த்தால் தோல் முழுவதும் கத்திரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். நாய் கவ்வி உதறும்போது உள்ளே தசை நசுங்கும், விலா எலும்பு முறியும், நுரையீரலில் ஓட்டை விழும். அதனால் பல் பட்டது தெரிந்தால், பூனை நடந்தாலும் சாப்பிட்டாலும், அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள். நாய்க்கும் இதில் ஆபத்து உண்டு, மூலையில் மாட்டிய பூனையின் நகம் முதலில் தேடுவது கண்ணைத்தான். பிரித்துவிடப் போய் உங்களுக்குக் கடியோ கீறலோ பட்டால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டுக்கும் ரேபிஸ் ஊசி தவறாமல் போட்டிருக்க வேண்டும், வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் சேர்த்துத்தான்.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. ஒரு பெட்ரூம் முழுக்கப் பூனைக்கு. அதன் சாப்பாடு, தண்ணீர், மணல் தட்டு, போர்வை எல்லாம் அங்கே போகட்டும். நீங்கள் வீட்டில் இல்லாத நேரமும் தூங்கும் நேரமும் நடுவில் மூடிய கதவு இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே வேண்டாம். பரணில்தான் இருக்கிறதே, பத்திரம்தானே என்று நினைக்காதீர்கள். மேல்மாடி வீட்டில் தளத்தை ஒட்டிய பரண் ஏப்ரல், மே மாதத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும். அங்கே ஒரு கிண்ணம் தண்ணீர்கூட இருக்காது. இறங்கினால் நாய் என்ற பயத்தில் பூனை தண்ணீர் குடிப்பதையும் சிறுநீர் கழிப்பதையும் தள்ளிப்போடுகிறது. அறையைத் தேர்ந்தெடுக்கும்போதும் மேற்குச் சுவர் வெயில் வாங்காத அறையாகப் பாருங்கள். பால்கனிக்குப் புறா வலை போட்டிருக்கிறீர்களா என்று சொல்லவில்லை. போடாவிட்டால் இந்த வாரமே போடுங்கள், துரத்தலுக்குப் பயந்து பாய்கிற பூனை உயரத்தைப் பார்க்காது.

மெத்தையில் சிறுநீர் போனதை யாரும் பழிவாங்கல் என்று சொன்னால் கேட்காதீர்கள். என்னை இந்தக் கேள்வியில் மிகவும் கவலைப்படுத்தியது அதுதான். பயத்திலும் மன அழுத்தத்திலும் வாழ்கிற பூனைகளுக்கு, கிருமி எதுவும் இல்லாமலே சிறுநீர்ப்பை வீங்கிப் புண்ணாகும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல் என்பதால் அதில் அடைப்பு விழலாம். அடிக்கடி மணல் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவது, சொட்டு சொட்டாக வருவது அல்லது எதுவுமே வராதது, கத்துவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு விழுந்த பூனை ஒன்றிரண்டு நாளில் செத்துப்போகலாம். இது ஐயத்துக்கு இடமில்லாத விஷயம். அதே மாதிரி பூனை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் இருந்தாலும் விடாதீர்கள், ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். துரத்தல் பிரச்சினையில் எல்லோரும் நாயைப் பற்றியே பேசுகிறார்கள். என் டேபிளுக்கு நோயாளியாக வருவது பெரும்பாலும் பூனை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நாயும் பூனையும் சேர்ந்து இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது பொருந்தும். சென்னையில் உண்ணித் தொல்லைக்கு நாயின் கழுத்தில் விடுகிற சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு அது ஒன்றும் செய்யாது. பூனைக்கு விஷம். மருந்து விட்ட நாயைப் பூனை உரசினாலோ நக்கினாலோகூட அதற்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். நாய்க்கு உண்ணி மருந்து வாங்கும்போது வீட்டில் பூனை இருக்கிறது என்று சொல்லி வாங்குங்கள்.

இனிப் பழக்குகிற வேலை. முதல் ஒன்று இரண்டு வாரம் முகமே பார்க்க வேண்டாம். பூனை படுத்த துணியை நாயின் இடத்திலும் நாயின் துணியைப் பூனையின் அறையிலும் போடுங்கள். நாய் வாக்கிங் போயிருக்கும் நேரத்தில் பூனையை வீடு முழுக்கச் சுற்ற விடுங்கள், அதற்கு அதன் வீடு திரும்பக் கிடைக்கட்டும். இதே நாட்களில் பூனை இல்லாத அறையில் நாய்க்கு இரண்டு பாடம் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, 'விடு' என்றால் பார்த்துக்கொண்டிருப்பதை விட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பது. இன்னொன்று, அதன் சாக்கிலோ பாயிலோ போய்ப் படுத்து அங்கேயே இருப்பது. பரிசு சாதா பிஸ்கட்டாக இருந்தால் வேலைக்கு ஆகாது. உப்பு, மசாலா எதுவும் போடாமல் வேகவைத்த கோழியைச் சுண்டைக்காய் அளவில் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புத் துண்டு இரண்டுக்குமே ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பிறகு நாய் கழுத்துக் காலரிலோ உடம்புப் பட்டையிலோ கயிறோடு, உங்கள் கையில். பூனை ஹாலின் மறுகோடியில், உயரத்தில், பீரோ மேலோ ஷெல்ஃப் மேலோ, தப்பிக்க வழி திறந்தபடி. நாய் பூனையைப் பார்த்ததும் கோழி. பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்தால் இரண்டு துண்டு. கண் அப்படியே நிலைத்து உடம்பு விறைக்க ஆரம்பித்தால் தூரம் போதவில்லை என்று பொருள், இழுத்துத் திட்டாமல் இன்னும் ஐந்தடி பின்னால் போங்கள். ஹாலில் அந்த ஐந்தடி இல்லை என்றால் வாசல் கதவுக்கு வெளியே காரிடாரில் இருந்து ஆரம்பியுங்கள். ஒரு தடவைக்கு 3 நிமிடம் போதும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. தூரத்தை அடி அடியாகக் குறையுங்கள். பூனை நடக்கும்போது நாய் படுத்தே இருப்பது வந்த பிறகுதான் பூனை ஓடும்போது படுத்திருப்பதை எதிர்பார்க்கலாம், இரண்டும் வேறு வேறு பாடம். நடுவில் இரும்புக் கம்பி கேட்டோ வலைக் கதவோ போட முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி, கம்பி இடைவெளியில் நாயின் வாய் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற கூடை மாதிரியான வாய்மூடியைக் கோழி கொடுத்து மெதுவாகப் பழக்கி வைத்தால் உங்கள் பதற்றமும் குறையும். ஆனால் வாய்மூடி போட்ட நாயும் துரத்தினால் பூனைக்குப் பயம் அதே பயம்தான், அதனால் கயிற்றை விடக் கூடாது.

செய்யக் கூடாதது என்று பார்த்தால் முதலில் அடி. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் அடி விழுந்தால் நாய் கற்றுக்கொள்வது, பூனை வந்தால் வலிக்கும் என்பதுதான். சில நாய்கள் அதன் பிறகு உறுமுவதையும் குரைப்பதையும் நிறுத்திவிட்டு நேராகக் கடிக்கப் போகும். ஷாக் காலருக்கும் இதே பதில். அடுத்து, பூனையைக் கையில் பிடித்து நாயின் முகத்துக்கு நேராக நீட்டி 'ஃபிரண்ட் பாரு' என்று காட்டுவது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறலோடு பூனையையும் தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். கருத்தடை செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். செய்யுங்கள், அதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, ஆனால் வேட்டைத் துரத்தலை அது நிறுத்தாது. வாக்கிங்கில் அணிலையும் தெருப் பூனையையும் துரத்த விட்டால் ஆசை தணிந்துவிடும் என்பதும் சரியில்லை, அதுவும் அதே பயிற்சிதான். அதற்குப் பதில் விடியற்காலை 5 மணிக்கு, தார் ரோடு சூடாகும் முன், ஒரு மணி நேரம் முகர்ந்து முகர்ந்து நடக்க விடுங்கள். ஓடுகிற ஜாதி அது, ஃபிளாட்டுக்குள் தேங்கிய சக்தி பூனை மேல்தான் போகும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். இது என் அனுபவக் கணக்கு மட்டுமே. விளையாட்டு வகை என்றால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரே ஹாலில் நிம்மதியாக உட்காருகிற நிலை வருகிறது. வேட்டை வகையில் ஆறு மாதமும் ஆகலாம், வராமலும் போகலாம். முன்பு சொன்ன திரைச்சீலை நாய்க்கு ஐந்து மாதம் ஆனது. ஐந்தாவது மாதம் போனபோது அது சாக்கில் படுத்திருந்தது, பூனை வாலை நேராகத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் நடந்து சமையலறைக்குப் போனது. நாயின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது, தலையைத் திருப்பி வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் சட்டைப் பையில் கோழி வைத்திருந்தார். அந்த வீட்டிலும் இன்றுவரை ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் கதவு மூடித்தான் இருக்கிறது, நான்தான் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

முடியவில்லை என்றால்? மூன்று நான்கு மாதம் விடாமல் செய்தும், கோழியைக் காட்டினாலும் கண் திரும்பாத அந்த மௌனப் பார்வை மாறவில்லை என்றால், காலை பூனைக்கு ஹால், மாலை நாய்க்கு ஹால் என்று மாற்றி மாற்றி விட்டு வாழலாம். வருடக்கணக்கில் அப்படி வாழ்கிற குடும்பங்கள் உண்டு. குழந்தையோ மறதியுள்ள பெரியவரோ இருக்கும் வீட்டில் கதவு ஒருநாள் திறந்துவிடும், அங்கே இதை நம்ப முடியாது. அப்படியான வீடு என்றால் நாயைப் பூனை இல்லாத, ஓட இடம் உள்ள வீட்டில் சேர்ப்பது பாவமில்லை என்பது என் கருத்து. நான்கு வருடம் அந்த வீட்டையே உலகமாக நினைத்த பூனையை வெளியே அனுப்புவதைவிட, வந்து இரண்டு மாதமான நாய்க்குப் புது வீடு பிடிபடுவது சுலபம். சாத்தூர் உறவினரிடமே முதலில் கேளுங்கள். தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள், வீட்டு நாய் மடிப்பாக்கத் தெருநாய்கள் நடுவில் ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

இப்போதைக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை மணல் தட்டில் எத்தனை ஈரக் கட்டி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் இந்தப் பதிலில் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேராகப் பூனையைக் கூடையில் வைத்து டாக்டரிடம் போங்கள். இருந்தால், நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, பூனை பரணில் இருக்கும்போது, நாயின் முகமும் வாலும் தெரிகிற மாதிரி ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். நடுவில் ஒருமுறை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த வீடியோவை வேப்பேரி கால்நடை மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான டாக்டரிடமோ காட்டுங்கள். கூப்பிட்டதும் காது திரும்பியதா இல்லையா என்பதை அவர்களே பார்த்துச் சொல்வார்கள்.